நூல் கடிக்கிற இடம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குத் தையல் அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற சர்வேயர், கைப்பிடி இல்லாத நாற்காலியில், முதுகு சாயாமல். அவர் மனைவி, ஜன்னல் திட்டில். அவர் தங்கையாகிய தையல்காரி, வெட்டு மேசைக்கு அருகில். தங்கையின் மருமகள், கைபேசியைப் பிடித்தபடி. ஐந்தாவதாக மாடிக்காரர், மடியில் அக்கார்டியனோடு. வேறு யாரும் இல்லை. எதிர்வீட்டு ஓட்டுநர் வாசல்வரை வந்தார். அவர் படியேறுவதற்குள் கதவு சாத்தப்பட்டுவிட்டது, ஆகையால் அவர் கணக்கில் சேரமாட்டார். இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் உண்டு. அந்த அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி. "அன்றைக்கு நானும் அங்கேதான் இருந்தேன்" என்று இப்போது சொல்லிக்கொள்கிறவர்கள் அத்தனை பேரையும் உள்ளே விட்டிருந்தால், வெட்டு மேசையைத் தூக்கித் தெருவில் போட்டிருந்தாலும் நிற்க இடம் இருந்திருக்காது.

விஷயம் அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு காலர் பாடத்தில் தொடங்கியது.

தங்கை நாற்பது வருஷம் கடை வைத்துத் தைத்தவள். முட்டிவலி வந்து கடையை மூடியபோது இனி இவள் பொழுது எப்படிப் போகும் என்று சர்வேயர் கவலைப்பட்டார். அவள் கவலைப்படவில்லை. மேசைமேல் மருமகளின் கைபேசியை நிறுத்தி, முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் காட்டி, தையல் பாடம் சொல்லத் தொடங்கினாள். ஐந்து வருஷத்தில் முந்நூற்று நாற்பது பாடம். எங்கெங்கோ இருக்கிறவர்கள் அவள் கையைப் பார்த்துத் தைத்தார்கள். பிசகினால் படமெடுத்து அனுப்பித் திட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தி அனுப்பிய சட்டைக்கு "இது காலரா, கப்பல் பாயா?" என்று அவள் எழுதிய பதிலை மட்டும் எழுபதாயிரம் பேர் ரசித்திருந்தார்கள். சட்டை தைத்தவளே முதல் ஆளாக ரசித்திருந்தாள்.

முந்நூற்று நாற்பத்தோராவது பாடம், காலர் முனையைக் கூராகத் திருப்புவது. அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தையல் ஓடுகிற இருபத்திரண்டு விநாடி, பேச ஒன்றும் இல்லாததால், தங்கை வாய்க்குள் பாடினாள். வார்த்தை கிடையாது, வெறும் மெட்டு. அவர்களுடைய அம்மா மெஷின் மிதிக்கும்போது வாய்க்குள் பாடிய மெட்டு. வீட்டில் அதற்கு மெஷின் பாட்டு என்று பெயர்.

வீடும் அதே வீடுதான். அம்மாவின் கால் மெஷின் இன்னும் அந்த அறை மூலையில் நிற்கிறது. அதற்கு நேர் மேலே, கூரைச் சுண்ணாம்பில், காசளவுப் பள்ளங்கள் பதினான்கு. சர்வேயருக்குப் பத்து வயதாக இருந்தபோது மாடி அறையில் வாடகைக்கு ஒருவன் இருந்தான். ஓயாமல் ஏதோ ஒரு வாத்தியத்தை இழுத்துக்கொண்டே இருப்பான். அம்மா கஜக்கோலை எடுத்துக் கூரையில் இடிப்பாள். அந்தப் பள்ளங்கள்தான் அவை. வெள்ளையடிக்க வருகிறவர்கள் அவற்றைப் பூசி மூடலாமா என்று கேட்கும்போதெல்லாம் சர்வேயர் கூடாது என்று சொல்லிவிடுவார். "எங்கம்மா உக்காந்த இடத்துலேருந்தே மாடியை அடக்கி வச்சவங்க. அது அப்படியே இருக்கட்டும்."

காலர் பாடம் வெளியான மறுநாள் காலை, நடை முடித்துத் தேநீர் குடிக்க சர்வேயரும் மனைவியும் தங்கை வீட்டுக்கு வந்திருந்தார்கள். மருமகள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"அத்தை, காலர் வீடியோ மேல உரிமை கேட்டு வந்திருக்கு."

"மறுபடியும் ரேடியோவா? நான்தான் அணைச்சுட்டேனே!"

"ரேடியோ இல்ல. நீங்க."

"நானா?"

"வாய்க்குள்ளயே பாடினீங்கல்ல, அது. ஒரு இசைத்தட்டுக் கம்பெனியோட பாட்டாம். கம்ப்யூட்டரே கேட்டுக் கண்டுபிடிச்சிருக்கு."

தங்கைக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. "என் குரலையா? அவ்வளவு சுத்தமாவா பாடியிருக்கேன்?" பிறகுதான் ரேடியோ ஞாபகம் வந்து முகம் சுருங்கியது. இரண்டு மாதத்துக்கு முன், பின்னால் ஓடிய ரேடியோவிலிருந்து முழுசாக இரண்டு பாட்டு இரண்டு பாடங்களில் பதிவாகிவிட்டது. கம்பெனிகள் புகார் கொடுத்தன. இரண்டு பாடமும் நீக்கப்பட்டன. இரண்டு எச்சரிக்கையும் வந்தன. அடுத்தவர் பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஓடவிட்டது நம் தப்புதான் என்று அவள் அதை வாதாடாமல் ஏற்றுக்கொண்டாள். ஆனால் மூன்று மாதத்துக்குள் மூன்றாவது எச்சரிக்கை வந்தால் எல்லாப் பாடமும் போய்விடும். ஐந்து வருஷமும் துடைத்த பலகைதான்.

"வீடியோவை எடுத்துடு," என்றாள் தங்கை. "காலரை இன்னொரு தரம் திருப்பினா போச்சு. வாயை மூடிக்கிட்டு."

"எதுக்கு அத்தை? ஆட்சேபம் பண்ணலாம். நாலு காரணம் குடுத்திருக்காங்க, ஒண்ணுல டிக் அடிக்கணும்." மருமகள் வாசித்தாள். "இது முழுசா என் சொந்தப் படைப்பு. உரியவர்கிட்ட அனுமதி வாங்கியிருக்கேன். உரிமைக் காலம் முடிஞ்சுபோச்சு. நாலாவது, நியாயமான பயன்பாடு. கொஞ்சமா எடுத்து, பாடம் சொல்லவோ விமர்சிக்கவோ பயன்படுத்தி, அவங்க பொழப்பையும் கெடுக்காம இருந்தா அது நியாயமான பயன்பாடு. நமக்கு நாலாவதுதான் சரி. இருபத்திரண்டு செகண்ட், அதுவும் வாய்க்குள்ள. பாட்டு கேக்கறதுக்கா இங்க வராங்க? காலர் பாக்கத்தானே வராங்க."

சர்வேயர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நியாயமான பயன்பாடு சரி. யாரோடதைப் பயன்படுத்தறது?"

"அவங்களோடதை, மாமா."

"அப்போ அம்மாவோட பாட்டு அவங்களோடதுன்னு நாமளே எழுதிக் குடுக்கறோம்."

"அப்படி இல்ல மாமா, சும்மா ஒரு டிக்தான்..."

"டிக்தான் கையெழுத்து. முப்பத்தாறு வருஷம் நான் அந்த டிக்கைப் போட்டுத்தான் எது யார் நிலம்னு முடிவாச்சு."

முப்பத்தாறு வருஷத்தில் யாருக்காகவும் எல்லைக் கல்லை ஒரு ஜாண் நகர்த்தாத மனிதர் அவர். கல்லை நகர்த்தச் சொல்லி வீட்டுக்கு வந்தவர்கள், வந்த வேகத்திலேயே செருப்பைத் தேடினார்கள். அப்படிப்பட்டவருடைய தாயைத் திருடி என்று ஒரு யந்திரம் சொல்லிவிட்டது. அவர் மருமகளின் கையிலிருந்து கைபேசியை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முதல் பெட்டியில் தானே விரலால் அழுத்தினார். முழுக்க என் சொந்தப் படைப்பு.

"அண்ணா!" என்றாள் தங்கை. "சேனல் என்னோடது!"

"அம்மா ரெண்டு பேருக்கும்."

நான்காம் நாள் கம்பெனியின் பதில் வந்தது. ஆட்சேபம் நிராகரிக்கப்படுகிறது, எங்கள் ஆவணங்களின்படி அந்த இசை எங்களுடையது. மருமகள் நிலைமையை விளக்கினாள். இதோடு விட்டுவிட்டால் ஆபத்தில்லை, அந்த வீடியோவோடு போகும். மேல்முறையீடு செய்து தோற்றால் எச்சரிக்கை. அது மூன்றாவது.

சர்வேயர் அந்தக் கம்பெனியைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எழுதத் தகாத வார்த்தை ஒன்றும் அதில் இல்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தால் தகாத வார்த்தையே தேவலை என்று நினைத்திருப்பார்கள். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது மனைவி கேட்டாள்.

"ஆமாங்க, அந்தப் பாட்டு எப்படி இருக்கும்?"

"எந்தப் பாட்டு?"

"அவங்க இசைத்தட்டு. கேட்டீங்களா?"

"திருட்டுத் தட்டை நான் எதுக்குக் கேக்கணும்?"

"சரிதான். நிலத்தை மிதிக்காமலே அளந்த சர்வேயர் உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான் இருப்பீங்க."

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். சர்வேயருக்குக் காது சிவந்தது. உண்மை என்னவென்றால் அங்கிருந்த யாருமே அந்த இசைத்தட்டைக் கேட்டிருக்கவில்லை; அவர் கேட்கவிடவில்லை. "போடு," என்றார் மருமகளிடம், நீதிமன்றம் அனுமதி வழங்குகிற குரலில்.

ஐம்பது வருஷத்துப் பழைய பதிவு. வாசித்தவர் பெயர் யாருக்கும் தெரியாத பெயர். அக்கார்டியன் மட்டும் முன்னால் வர, பின்னால் மேளம் தட்டிக்கொண்டே போனது. மெஷின் பாட்டேதான். முதல் வரி, இரண்டாவது வரி, மூன்றாவது வரி. நான்காவது வரியின் நடுவில் அக்கார்டியன் சட்டென்று நின்றது. மேளமும் நின்றது. ஒரு வெற்றிடம். பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி தொடர்ந்தது.

அந்த வெற்றிடத்தில் தங்கையின் கை தானாக வாயருகே போய்விட்டிருந்தது. இல்லாத நூலைப் பல் கடித்தது.

"அண்ணா," என்றாள். "நூல்."

அம்மா நூலைக் கத்தரியால் வெட்டமாட்டாள். கத்தரியை எடுத்து வைக்கிற நேரத்தில் இன்னொரு காஜா எடுத்துவிடலாம் என்பாள். குனிந்து பல்லால் கடிப்பாள். நான்காவது வரி வரும்போது ஒரு தையல் முடியும். அங்கே பாட்டு நிற்கும், நூல் அறுபடும், பாட்டு தொடரும். பிள்ளைகளும் அப்படியே கற்றுக்கொண்டார்கள். நூல் இல்லாமல் பாடினாலும் அந்த இடத்தில் நிற்பார்கள். ஊரில் வேறு யாருக்கும் அங்கே நிற்க ஒரு காரணமும் கிடையாது. அக்கார்டியன் வாசிக்கிறவனுக்கு நூலை எதற்குக் கடிக்க வேண்டும்?

சர்வேயர் விநாடிக் கடிகாரத்தை எடுத்தார். இசைத்தட்டில் இடைவெளி ஒன்றேகால் விநாடி. தங்கை பாடியதில் ஒன்றேகால் விநாடி. மூன்று தரம் அளந்தார், மூன்று தரமும் அதேதான். எல்லைக் கல் கிடைத்துவிட்டது.

"ஆனா தோத்தா..." என்று மருமகள் ஆரம்பித்தாள்.

"அனுப்பு," என்றது அண்ணன் இல்லை, தங்கை. "அம்மா பல்லையே எடுத்து வச்சிருக்காங்க இவங்க. முந்நூத்தி நாப்பதும் போனா போகட்டும், அனுப்பு."

சர்வேயர் மேல்முறையீட்டில் அதே முதல் பெட்டியில் மறுபடியும் டிக் அடித்தார். கூடவே நான்கு பக்கக் கடிதம் ஒன்று தயாரித்துக் கம்பெனிக்கு அனுப்பினார். அதில் மெட்டை ஒரு நிலம் போல வரைந்திருந்தார். வரிக்கு வரி அளவு, நான்காவது வரியில் ஒரு எல்லைக் கல், பக்கத்தில் சின்னதாக ஒரு பல். பல் மனைவி வரைந்தது. வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் மையால் வரைந்துவிட்டாள்.

கம்பெனிக்கு ஏழு நாள் கெடு. ஆறு நாள் வரை பேச்சில்லை. தங்கை ஆறு நாளும் பழைய பாடங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஊருக்குப் போகிற பிள்ளைகளைப் பார்ப்பது போல. சனிக்கிழமை காலை சர்வேயரின் தொலைபேசி அடித்தது.

"அந்தப் பல் போட்ட கடுதாசி எழுதினது நீங்களா?"

"நான்தான். யார் பேசறது?"

"கம்பெனிக்காரங்க எனக்கு அனுப்பினாங்க. ஒண்ணு கேக்கணும். அந்த வீட்டு மரப்படி, ஏழாவது படி, இன்னும் கிறீச்சுன்னு கத்துதா?"

பிழையைத் திருத்தாமல் விடுவது சர்வேயரின் சுபாவம் இல்லை. "ஒன்பதாவது படி. ஏழு இல்ல."

"அப்போ சரியான வீடுதான்," என்றது குரல், சிரித்துக்கொண்டே. "நாளைக்கு நாலு மணிக்கு வரேன்."

அவர்தான் மாடிக்காரர், அந்த நாளில் மாடி அறையில் வாடகைக்கு இருந்தவர். இசைத்தட்டில் இருந்தது மேடைக்காக அவர் வைத்துக்கொண்ட பெயர். வயது எழுபத்தொன்பது. குள்ளமான ஆள், இரண்டு காலில் இரண்டு நிறக் காலுறை. வாடகைக் காரிலிருந்து தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். உள்ளே நுழைந்ததும் யாரையும் பார்க்காமல் நேராகக் கால் மெஷினிடம் போய் அதன் சக்கரத்தைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

அவர் எதற்குச் சிரித்தார் என்று கேட்க சர்வேயருக்கு நேரமில்லை. கெட்டியான தாளில் ஒப்புதல் பத்திரம் தயாராக இருந்தது. பேனாவும் மூடி திறந்து தயாராக இருந்தது. எதிர்வீட்டு ஓட்டுநர் எட்டிப் பார்ப்பது தெரிந்ததும் கதவைச் சாத்தச் சொன்னார்.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

மாடிக்காரர் சத்தமாகவே படித்தார். "மேற்படி மெட்டு முழுவதும் என்னுடைய கீழ்வீட்டில் வசித்த அம்மையாருடையது... சரி, 'முழுவதும்'கிறதை அடிச்சுடுங்க. போட்டுடறேன்."

"ஏன் அடிக்கணும்?"

"பாதிதான் அவங்களோடது."

சர்வேயரின் முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிர்ந்தது. அதற்கு மேல் நிமிர இடமில்லை என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"கோவிச்சுக்காதீங்க. அளந்து பாருங்க," என்றார் மாடிக்காரர். பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்தது பழைய அக்கார்டியன், விசைகள் மஞ்சளித்துப்போனது. மடியில் வைத்துக்கொண்டு முதல் பாதியை வாசித்தார். நான்காவது வரியில் நின்றார், தங்கை நூல் கடித்தாள், தொடர்ந்தார். "இது உங்கம்மா. கீழ மெஷின் நிக்கும், மேல நானும் நிப்பேன். எதுக்கு நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது, பாட்டே அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன். பதிவு பண்ற அன்னிக்கு மேளக்காரர் என்கிட்ட சண்டைக்கே வந்துட்டார், இந்த இடத்துல எதுக்கய்யா நிறுத்தறேன்னு. அழகுக்காகன்னு அளந்து விட்டேன். உங்க கடுதாசியைப் பாத்துட்டு வீட்ல தனியா உக்காந்து சிரிச்சேன். ஐம்பது வருஷமா மேடை மேடையா உங்கம்மா நூல் கடிச்சதை வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்!"

"அதான் சொல்றேன், அம்மாவோடது..." என்றார் சர்வேயர்.

"இருங்க. இப்ப ரெண்டாவது பாதி. நீங்க பாடுங்கம்மா."

தங்கை பாடினாள். இரண்டாவது பாதியில் ஒரு நீண்ட சுரம் வரவேண்டிய இடத்தில் அது நீளாமல் மூன்று துண்டாக உடைந்தது. ம்ம், ம்ம், ம்ம்.

"அங்க ஏன் மூணா உடையுது?"

"அம்மா அப்படித்தான் பாடுவாங்க."

"எதுக்கு? அங்கயும் நூல் கடிச்சாங்களா?"

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் மெஷினைப் பார்த்தார். அந்த இடத்தில் தையலில் நிற்க ஒன்றும் இல்லை. அறுபது வருஷமாக அவர்கள் மூன்றாக உடைத்துப் பாடியிருக்கிறார்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டதில்லை.

மாடிக்காரர் அக்கார்டியனின் துருத்தியை அகல விரித்து ஜன்னல் பக்கம் திருப்பினார். உள்மடிப்பில் ஒரு கிழிசல் இருந்த தடம். அதன்மேல் நீலத் துணியில் ஒட்டு.

"எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. இதை நாலாவது கையா வாங்கினேன், துருத்தி கிழிஞ்சு கிடந்துச்சு. எந்தச் சுரத்தையும் நீளமா புடிக்க முடியாது, காத்து போயிடும். அதனால நீளமா வர்ற இடத்தையெல்லாம் மூணா உடைச்சு வாசிச்சேன். அந்த ரெண்டாவது பாதி நான் போட்டது. கீழேருந்து அதை அவங்க எடுத்துக்கிட்டாங்க, என் கிழிசலோட சேத்து! ஒரு நாள் மாடிப்படியில நின்னு கூப்பிட்டாங்க. 'ஏய் துருத்தி, அந்த இடத்துல மட்டும் உனக்கு என்னடா மூச்சு வாங்குது? கொண்டா இங்க'ன்னு. என் பேரைச் சொல்லி ஒரு நாள் கூப்பிட்டதில்ல. துணியை ரெட்டையா தைச்சு, பசை போட்டு ஒட்டிக் குடுத்தாங்க. கிழிசல் போச்சு. ஆனா எனக்குக் கை பழகிப்போச்சு, அவங்களுக்கு வாய் பழகிப்போச்சு. ரெண்டு பேருமே மாத்திக்கல."

தங்கை ஒட்டுத் துணிக்கு மேல் குனிந்து விரலால் தடவினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னும் கிட்டே போனாள். தையல் பார்ப்பதில் அவளை ஏமாற்ற யாராலும் முடியாது.

"மூலையில மூணு தையல் திருப்பிப் போட்டிருக்கு," என்றாள் மெதுவாக. "அம்மாதான்."

சர்வேயருக்கு இன்னும் ஒரு ஆயுதம் பாக்கி இருந்தது. விரலை நீட்டிக் கூரையைக் காட்டினார். "அப்படின்னா அது என்ன? உங்க சத்தம் பொறுக்காம அம்மா கஜக்கோலால இடிச்சது."

மாடிக்காரர் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார். "பொறுக்காமலா? ஒரு இடி இடிச்சா 'இன்னொரு தரம்'னு அர்த்தம். ரெண்டு இடி இடிச்சா 'நிறுத்து, கடைக்கு ஆள் வந்திருக்கு'ன்னு அர்த்தம். உங்கப்பாவுக்குத் தெரியுமே! அவர் பாட்டுக்கு ஓரமா உக்காந்து, மூணாவது இடியை நான் இடிக்கட்டுமான்னு கேப்பார்."

ஜன்னல் திட்டில் சர்வேயரின் மனைவிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "என்னங்க... உங்கம்மா மாடியை அடக்கலைங்க... 'இன்னொரு தரம்'னு கேட்டிருக்காங்க!"

சர்வேயர் பள்ளங்களை அண்ணாந்து பார்த்தார். பதினான்கு. பத்து வயதில் அவர் பார்த்த அம்மா மெஷினில் குனிந்தே இருந்தவள். சாப்பிட இன்னொரு கை போட்டுக்கொள் என்றாலும் போதும் என்பவள்; எதையும் இன்னொரு தரம் என்று கேட்டு அவர் பார்த்ததில்லை. கேட்டிருக்கிறாள். அவர் தலைக்கு மேலேயே கேட்டிருக்கிறாள், கூரை பள்ளமாகிற அளவுக்கு. இத்தனை வருஷமாக அவர் அந்தப் பள்ளங்களைக் காப்பாற்றி வைத்திருந்தது வீண்போகவில்லை, காரணம்தான் வேறாகிவிட்டது. அவர் முகத்தில் என்னவோ தளர்ந்தது. முதுகு தளரவில்லை.

ஒப்புதல் பத்திரத்தை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். 'முழுவதும்' என்பதன்மேல் அடிக்கோல் வைத்து ஒரு கோடு இழுத்தார். அதை அடித்து, மேலே 'முற்பாதி' என்று எழுதினார்.

"கைபேசியை எடும்மா," என்றார் மருமகளிடம். "கம்பெனிக்கு எழுதணும்."

"வேண்டாமே," என்றார் மாடிக்காரர். "நான் அவங்ககிட்ட நேத்தே சொல்லிட்டேன். நாளைக்கு அவங்களே கோரிக்கையைத் திரும்ப எடுத்துக்குவாங்க. வீடியோவுக்கு ஒண்ணும் ஆகாது."

"எடுத்துக்கட்டும். ஆனா முழுக்க எங்களோடதுன்னு ரெண்டு தரம் டிக் அடிச்சவன் நான். அது தப்புன்னு தெரிஞ்சப்புறமும் விட்டு வச்சா, நாளைக்கு எங்கம்மா பேரைச் சொல்ல எனக்கு வாய் இருக்காது. நீ எழுது."

அவர் நின்றபடி சொல்லச் சொல்ல மருமகள் தட்டினாள். முற்பாதி என் தாயுடையது. அதை மாடிக்காரர் எடுத்தது நியாயமான பயன்பாடு. பிற்பாதி மாடிக்காரருடையது, அதை என் தாய் எடுத்ததும் நியாயமான பயன்பாடு. எடுத்ததற்கு ஈடாக அவர் நூலுக்காக நின்றிருக்கிறார், என் தாய் துருத்திக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார். நான் முதல் பெட்டியில் டிக் அடித்தது பிழை. பிழைக்குப் பொறுப்பு நான் மட்டுமே, என் தங்கை அல்ல.

"மாமா," என்றாள் மருமகள் தட்டி முடித்து, "நான் முதல் நாளே நாலாவது பெட்டின்னு சொன்னேன்."

"சொன்னே. ஆனா காரணம் தப்பு," என்றார் சர்வேயர்.

அதன்பிறகு வாசிக்காமல் எழுந்திருக்க யாருக்கும் மனமில்லை. ஆனால் மாடிக்காரர் மறுப்பாகத் தலையசைத்தார். "சும்மா வாசிச்சா எனக்கு வராது. கீழ மெஷின் ஓடணும். அதுதான் என் மேளம்."

தங்கை பாட வேண்டும், நூலும் கடிக்க வேண்டும், முட்டியும் வலி. மருமகள் படம் பிடிக்க வேண்டும். மனைவிக்குப் புரையேறியது இன்னும் நிற்கவில்லை. நான்கு பேரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

சர்வேயர் தம் வாழ்நாளில் அந்த மெஷினில் உட்கார்ந்ததில்லை. கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். மிதித்தார். சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் பட்டென்று அறுந்தது.

"அதைக் கடிக்கத்தான் நான் இருக்கேனே, நீங்க எதுக்கு அறுக்கறீங்க?" என்றாள் தங்கை. பெல்ட்டைச் சரிசெய்து புது நூல் கோத்தாள்.

"குதிகாலை அழுத்துங்க, அப்புறம் விரலை. குதி, விரல். குதி, விரல்." மனைவி ஜன்னல் திட்டிலிருந்து தாளம் போட்டாள். "உங்களுக்கு விறைப்பாத்தானே நிக்கத் தெரியும், கணுக்காலையாவது கொஞ்சம் மடக்குங்க!"

குதி, விரல். சக்கரம் முன்னோக்கிப் பிடித்தது. மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்க, அக்கார்டியன் வந்து சேர்ந்துகொண்டது, தங்கையின் குரலும் வந்தது. நான்காவது வரியில் மெஷின், அக்கார்டியன், குரல் மூன்றும் ஒன்றாக நின்றன. தங்கை குனிந்து நூலைக் கடித்தாள். மூன்றும் ஒன்றாகத் தொடங்கின. பிற்பாதியில் அந்தச் சுரம் மூன்றாக உடைந்தபோது மருமகளே வாய்விட்டுப் பாடிவிட்டாள். அவளுடைய குரலும் பதிவாகியிருக்கிறது. முடிந்ததும் சர்வேயர் மெஷினில் சாய்த்து வைத்திருந்த கஜக்கோலை எடுத்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கூரையை ஒரே ஒரு இடி இடித்தார். சுண்ணாம்பு அவர் தலைமேல் உதிர்ந்தது.

மாடிக்காரர் இன்னொரு தரம் வாசித்தார். மொத்தம் ஐந்து இடி.

திங்கட்கிழமை கம்பெனியிடமிருந்து ஒரு வரி வந்தது: கோரிக்கை திரும்பப் பெறப்பட்டது. காலர் பாடம் இருக்கிறது. முந்நூற்று நாற்பத்திரண்டாவது பாடமாக அன்றைய பதிவும் இருக்கிறது. அதன்கீழ், இசை: கீழ்வீட்டு அம்மா, மாடிக்காரர், என்று போட்டிருக்கிறது. யார் வேண்டுமானாலும் பாடலாம், நான்காவது வரியில் நிற்க வேண்டும் என்றும் தங்கை எழுதி வைத்திருக்கிறாள். எங்கெங்கோ இருப்பவர்கள் பாடி அனுப்புகிறார்கள். பள்ளங்கள் இப்போது பத்தொன்பது.

அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, சர்வேயர் அன்றைக்கு ஆடினார் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. சொந்தக்காரர்களே அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு ஓட்டுநர் கண்ணால் பார்த்ததாகவும் சொல்கிறார். படத்தில் மேசைக்குக் கீழே தெரியாது. தோள் குலுங்குவது மட்டும்தான் தெரியும். மெஷின் மிதிக்கிற யாருக்கும் தோள் குலுங்கத்தான் செய்யும். சர்வேயர் ஆடவில்லை. உட்கார்ந்திருந்தார்.